சும்மா இராத விரல்கள்

மூளையைக் காவல்காக்கும் கிளியா செல்கள் நலமாக இருக்கும்வரை சும்மா இருப்பதில்லை. மெல்லிய கைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அழற்சி கண்டால்தான் கைகளை உள்ளிழுத்து உருண்டுகொள்ளும். நுண்ணோக்கியில் அதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள் மங்கையர்க்கரசி. மூளைக்காய்ச்சலில் கிடந்த கணவர் துரைக்கண்ணுவின் விரல்கள் ஓயாமல் போர்வையைத் துழாவியது மற்றவர்களுக்கு எரிச்சல். அவளுக்கு அதுதான் தெம்பு.

ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து அவள் காபியோடு திரும்பியபோது நாத்தனார் வாசலிலேயே சிரித்தாள். “இப்பதான் அண்ணி, அண்ணன் கையை ஆட்டாம அசந்து தூங்குறாரு.”

காபியை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். மார்பில் உருண்டு கிடந்த கையை எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் போர்வைமேல் பரப்பினாள்.

“தடவுங்க,” என்றாள். “கொஞ்சம் தடவுங்க.”

சுண்டுவிரல் மெல்ல அசைந்தது, உள்ளங்கையை நோக்கி.