முதலாளியின் முகம்

“மூக்கை எடுத்துடு” என்றார் பெரிய முதலாளி.

ஓவியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம், காது விடைத்துக்கொண்டு நிற்கிறது என்று காதை எடுக்கச் சொன்னார். அடுத்து, கண் திருட்டு முழி முழிக்கிறதாம். அதுவும் போயிற்று. மீசையை நேற்றே வழித்தாயிற்று.

கம்பெனி புதிதாகக் கொண்டுவரும் கம்ப்யூட்டரில், சொந்தப் படம் போடாதவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு முகம் காட்ட வேண்டும். அது தன் முகமாகத்தான் இருக்க வேண்டும் என்று பெரியவர் ஒற்றைக்காலில் நின்றார். வெளியே மூச்சு விடக் கூடாது என்றும் உத்தரவு.

விட முடியுமா? கம்பெனியில் பாதி அவருடைய தம்பிக்குச் சொந்தம். இருவரும் முகம் கொடுத்துப் பேசிப் பல வருஷம் ஆகிறது. அண்ணன் மூஞ்சி எங்கேயாவது தெரிந்தால் உன் சீட்டு கிழிந்தது என்று சின்ன முதலாளி முன்பே எச்சரித்திருந்தார். ஓவியருக்கோ இப்போதுதான் பெண் அமைந்திருக்கிறது, அதுவும் இந்த வேலையை நம்பி. வேலை போனால் கல்யாணமும் அம்போ.

மூக்கை எடுத்தார். வாய் மட்டும் தனியாக நின்று பல்லை இளித்தது. அதையும் எடுக்கச் சொன்ன பெரியவர், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“இப்பதான்யா அச்சு அசலா என்னை மாதிரி இருக்கு.”

மிச்சம் இருந்தது ஓர் உருண்டைத் தலை, அதன்கீழ் இரண்டு தோள், அவ்வளவுதான். இந்தக் கூத்துக்கா இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று ஓவியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அந்தப் படத்தைத் திரையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்றார் சின்ன முதலாளி. மறைக்க நேரமில்லை. அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இதை யாரு போடச் சொன்னது?”

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. பெரிய முதலாளிதான் என்று முணுமுணுத்த ஓவியருக்கு, வருங்கால மாமனாரின் முகம் கண்முன் வந்துபோனது.

சின்ன முதலாளி திரையில் இருந்த தலையைத் தொட்டுப் பார்த்தார். “உலகத்துக்கே என் முகம் தெரியணும்னு நினைச்சிருக்காரே, இந்த மனுஷன்கூடயா நான் இத்தனை வருஷம் பேசாம இருந்தேன்?” என்றவர், “அண்ணா” என்று கூப்பிட்டுக்கொண்டே பெரியவரின் அறைக்கு ஓடினார்.