குகைக்குள் ஒன்றரை நிமிடம்

மாலை ரயில் மலைக்குகைக்குள் நுழைந்தால் சிக்னல் போய்விடும். கணவனோடு பேசிக்கொண்டு வரும் சுகந்தி அப்போதும் செல்பேசியைக் காதிலிருந்து எடுப்பதில்லை. வெளிச்சத்தில் சொல்ல முடியாததையெல்லாம் அந்த ஒன்றரை நிமிட இருட்டில் அவனிடம் சொல்லிவிடுவாள். மூன்று வருடப் பழக்கம்.

இன்று பெட்டியின் கூரையில் புதிதாக ஆன்டெனா வைத்த ஏதோ ஒரு வெள்ளை டப்பாவை மாட்டியிருந்தார்கள். குகை இருட்டில் அதன் பச்சை விளக்கு மின்மினிபோல இமைத்தது. அதையே பார்த்தபடி சொன்னாள்:

"வீட்டுக்கு வரவே பிடிக்கலங்க. இந்தக் குகை முடியவே கூடாதுன்னு தினமும் வேண்டிக்கிறேன்."

பாறையில் கசிந்த நீர் ஜன்னலில் தெறித்தது. வெளிச்சம் வந்தது.

"ஹலோ, கட்டாயிடுச்சுங்க" என்றாள் வழக்கம்போல.

காதுக்குள் அவள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"கட்டாகல" என்றான் அவன். "வழியில இன்னொரு குகை இருக்கா?"