டிரைவர்தானே?

திரை கறுத்துவிட்டது. மவுஸை ஆட்டினாள், கீபோர்டைத் தட்டினாள். அசையவே இல்லை.

"போச்சா?" என்றார் அப்பா, அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றபடி.

"இல்லப்பா. இருக்கற டிரைவர் சாஃப்ட்வேர முழுசா அழிச்சுட்டு மறுபடி போடறேன். நடுவுல இப்படி இருட்டாகித்தான் வரும்."

"டிரைவர்தானே? வேற ஒண்ணும் இல்லையே?"

காலையிலிருந்து இதே கேள்வி. மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நாற்காலிக்குத்தான் இடம் அந்த அறையில். அப்பா பின்னால் வந்து நின்றுவிட்டால் எலிப்பொறிதான்.

வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்று பெயர் வாங்கிய பாவம், பள்ளிக்கூட லீவு முழுக்க இதிலேயே கழிகிறது. அது போகட்டும். கோளாறு எங்கே ஆரம்பித்தது என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

போன வாரம் அப்பா வெளியே போயிருந்தபோது, தோழி சொன்ன ஒரு கேமை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அது ஓட வேண்டுமென்று திரையை இயக்கும் கிராபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவரும் போட்டாள். அன்று மாலையே, அப்பா ஆபீசுக்காக வீட்டு பிளான் வரைந்துகொண்டிருக்கையில் திரை அணைந்து அணைந்து எரிந்தது. 'டிஸ்ப்ளே டிரைவர் நின்றுவிட்டது' என்று திரும்பத் திரும்பச் செய்தி வந்தது.

சத்தமில்லாமல் கேமை நீக்கினாள். பழைய டிரைவரைத் திரும்பப் போட்டாள். புதுசு தானாக வந்து ஏறிவிடக் கூடாதென்று நெட் வயரைக்கூடப் பிடுங்கிவைத்தாள். செய்தி வருவது நின்றது. அப்பாவின் புலம்பல் நிற்கவில்லை.

"நேர்க்கோடு போட்டா நெளியுது பாப்பா. சுவரெல்லாம் பாம்பு மாதிரி போகுது."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நின்ற கதைதான். "நெளியும்போது போன்ல படம் பிடிச்சு அனுப்புங்கப்பா" என்றாள். அனுப்பினார். அதிலும் கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது போலவே இருந்தது. மின்னி மறைகிற கோளாறு, கேமராவுக்குச் சிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் ஆபீசிலிருந்து இரண்டு பிளான் திரும்பி வந்துவிட்டது. ஒன்றில் தூண் சுவரை விட்டு விலகி நின்றது. இன்னொன்றில் கதவு படிக்கட்டின் மேல் போய்த் திறந்தது. இன்று சாயங்காலம் வருகிற பிளானிலும் தப்பு இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேனேஜர் தன்மையாகச் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இன்னும் பிரசவம் ஆகலையா? கேபிள மாத்தியாச்சு. பக்கத்து வீட்டு ஸ்கிரீன இரவல் வாங்கி மாட்டியாச்சு. இனி இந்த வீட்டுல மாத்தறதுக்கு நான் ஒருத்திதான் பாக்கி."

வழக்கமாக இதற்கெல்லாம் அப்பாவிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். இன்று கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

திரை பளிச்சென்று எரிந்தது. அவள் அவசர அவசரமாகப் பிளானைத் திறந்தாள். சுவர், தூண், படிக்கட்டு எல்லாம் நூல் பிடித்தது போல் நின்றன.

"வந்துடுச்சுப்பா! பாருங்க!"

அப்பா குனிந்தார், மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்கு.

"நெளியுது" என்றார். "டிரைவர்தானே பாப்பா? உண்மையச் சொல்லு."

கண்ணெதிரே கோடு நேராக நிற்கிறது, இவர் நெளிகிறது என்கிறார். தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துகொண்டுதான், இவள் வாயாலேயே வரட்டும் என்று காலையிலிருந்து துருவித் துருவிக் கேட்கிறார்.

"நான்தான்ப்பா." வார்த்தைக்கு முன்னால் அழுகை வந்தது. "நீங்க இல்லாதப்போ கேம் போட்டேன். புது டிரைவர் போட்டேன். அப்புறம்தான் எல்லாம். உங்க வேலை போயிடுமாப்பா?"

தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடி விழவில்லை. அப்பா சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடிக் கழுத! நீதானா? நீ பண்ண வேலைதானா?" அவள் தலையைப் பிடித்து ஆட்டினார். "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? நான் என்னென்னமோ நெனச்சு ராத்திரியெல்லாம் தூங்கல. டிரைவர்! வெறும் டிரைவர்!"

"திட்டலையாப்பா?"

"திட்டறதா? உன் வாய்க்குச் சக்கரைதான் போடணும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவளும் சிரித்துவிட்டாள். அப்பா வேர்வையைத் துடைத்தபடி, காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தார். திறந்தவர் அங்கேயே நின்றார். நேராக நின்ற கம்பி ஒன்றை மேலிருந்து கீழே விரலால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தார்.

"அப்போ இந்தக் கம்பி ஏன் பாப்பா நெளியுது?"