ஐந்தாவது நட்சத்திரத்துக்கு ஒரு குறை

கேளிக்கைப் பூங்காவுக்குள் கட்டிய ஓட்டலுக்கு ஐந்தாவது நட்சத்திரம் தரலாமா என்று பார்க்க ஆய்வாளர் வரவிருந்தார். அதற்கு முன், அறைகளைச் சுத்தம் செய்யும் பிலோமினாவை மேனேஜர் ஒரு பகல் முழுக்கச் சொகுசு அறையில் தங்கச் சொன்னார். “ஒரு குறையாவது கண்டுபிடிச்சுச் சொல்லணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.” மெத்தை, குழாய், கண்ணாடி எல்லாம் அவளே துடைத்தவை, குறை இல்லை. சாயங்காலம் திரையை விலக்கினாள். ராட்டினத்துக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு தெரிந்தது. அங்கே அவள் வீட்டின் ஒரே ஜன்னலுக்கு வெளியே கொடியில் அவளுடைய நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. மேனேஜர் வந்ததும் அதைக் காட்டினாள். “அதுதான் சார், பார்க்க அசிங்கமா இருக்கு.” “பரவால்லியே, ஒனக்கும் கண்ணு இருக்கு.” நான்காம் நாள், குடியிருப்பை மறைத்து, அவள் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவர் எழும்பியது. “கொடியக் கழட்டிக்கிறீங்களாக்கா?” என்றார் கொத்தனார். பிலோமினா ஈரம் காயாத நைட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.