மரத்துக்குள் ஒரு பெயர்

"முப்பத்தாறாயிரத்து எழுநூத்தி அம்பது ரூவா. கடனை இன்னைக்கு வைக்கலைன்னா உன் பதினோரு ஆடும் என் தொழுவத்துக்கு வந்துரும்லே, சோலை."

பந்தல்குடி கமிஷன் கடை ராஜகுரு சொல்லி முடிக்கவில்லை, பழைய துப்பாக்கியை விலை மதிக்க மதுரைத் துப்பாக்கிக் கடைக்காரர் பாண்டீஸ்வரன் உள்ளே வந்தார். ராஜகுருவின் முகம் மலர்ந்தது.

"வாங்க சார்! ஏலே, நீ போகாத. சாமானைப் பிடிக்க ஆளு வேணும்."

மேசையில் ராஜகுருவின் தாத்தா காலத்து மூன்று குழல் துப்பாக்கி ஒன்று கிடந்தது. மேலே இரண்டு, அடியில் ஒன்று. பாண்டீஸ்வரன் பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

"மேல ரெண்டும் சிதறுற ரவைக்கு. அடியில ஒத்தத் தோட்டா. கவுதாரிக்கும் பன்னிக்கும் ஒரே துப்பாக்கி!"

"எந்த நாட்டுது சார்?"

"முத்திரையே காணோமே. யாரு இப்படித் தேய்ச்சது?"

"வருசா வருசம் ஆயுத பூசைக்குச் செங்கப்பொடி போட்டு வெளக்குவோம்ல!" ராஜகுரு பெருமையாகச் சொன்னார்.

பாண்டீஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். "பழைய ரசீதாவது இருக்கா?"

"எங்க தாத்தாவுக்குக் காயிதத்துல நம்பிக்கை கெடையாது. கரையான் தின்னுருமாம். ஈடு பிடிச்ச அண்டா, குத்துவெளக்கு எல்லாத்துலயும் ஆளு பேரையும் தொகையையும் வெட்டிருவாரு. ஆனா இது ஈடு இல்ல சார். வெள்ளக்காரத் தொரை பிரியமாக் குடுத்தது."

"தாத்தா வேட்டைக்குப் போவாரோ?"

"ஐயய்யோ, முட்டைகூடத் தொடமாட்டாரு!"

பாண்டீஸ்வரன் குழலுக்கு அடியில் இருந்த மரத்தைக் கழற்றிச் சோலையிடம் கொடுத்தார். "செங்கப்பொடி போகாத எடத்தைப் பாப்போம்."

குழலின் அடியைப் பார்த்தவர் கத்தியே விட்டார்.

"கிரீடம்! அதுக்குக் கீழ 'யூ' எழுத்து! ஜெர்மனி சார்! சூல்ங்கிற ஊரு. இந்தா, நாலு, இருபத்துநாலு... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலு ஏப்ரல்ல சோதிச்சிருக்கான். நாலு லட்சத்துக்குக் கொறையாது!"

ராஜகுரு நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "நாலு லட்சமா!"

"அண்ணாச்சி, இதுலயும் எழுத்து இருக்கு." சோலை மரத்துண்டின் உள்பக்கத்தை நீட்டினான்.

"கைநாட்டு, உனக்கென்னலே தெரியும் எழுத்து?"

ஐம்பது வயதில், குவாரியில் கல் உடைத்த களைப்போடு, மகளிடம் எழுத்துக் கற்றவன் சோலை. அது ராஜகுருவுக்குத் தெரியாது. அவன் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினான்.

"சி... ன்... ன... சின்னச்சாமி. ஈ... டு... ஈடு. ரூபா நாப்பது."

பாண்டீஸ்வரன் மரத்துண்டை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

"தொரைக்குக் கவுதாரி வெரட்டிக் குடுத்தவுக எங்க தாத்தா. அவுக பேருதான் சின்னச்சாமி. தொரை பிரியமாக் குடுத்தது அவுகளுக்குத்தான்," என்றான் சோலை. "வட்டியோட அந்த நாப்பதைக் கட்டிட்டா துப்பாக்கி எனக்குத்தான அண்ணாச்சி?"

ராஜகுரு நோட்டை இழுத்து, முப்பத்தாறாயிரத்து எழுநூற்று ஐம்பதின் மேல் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "மொதல்ல உக்காருங்க, சோலை... டீ சாப்பிடுறீகளா?"