ஹாலில் ஒரு சக்கரம்

ஹாலின் நடுவில், புதிதாகப் பதித்த டைல்ஸ் மேல், என் காரின் சக்கரம் படுத்துக் கிடந்தது. பிரேக் பார்க்கிறேன் என்று அதைக் கழற்றியவர் என் கணவர் எட்வின். வாசலில் கார் ஜாக்கி மேல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"இது எதுக்கு இங்க?"

"டைல்ஸ் மேல எழும்புது. வெயிட்டுக்கு வச்சிருக்கேன், எடுக்காத."

அம்மாவை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். கால் முழுக்க மாவுக்கட்டு; ஆட்டோவில் உட்கார முடியாது, காரின் பின்சீட்டில் நீட்டித்தான் வர வேண்டும். ஒரு வாரமாகத் தொண்டை வறளச் சொல்லியாயிற்று. கொத்தனார் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், எல்லாம் இவரே பார்த்துக்கொள்வாராம். பார்த்த லட்சணம் இது.

சக்கரத்தை நிமிர்த்தி உருட்டினேன். காயாத சிமென்டில் டைல்ஸ் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது.

"ஐயோ, தரை போச்சுடி!"

"போகட்டும்."

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாசலுக்கு உருட்டிப்போய்ச் சக்கரத்தைக் காரில் பொருத்திவிட்டுக் கையை நீட்டினேன். "நட்டு எங்க?"

எட்வின் திரும்பி ஹாலைப் பார்த்தார்.

"எங்கன்னு கேக்கிறேன்ல?"

"நேத்து மட்டம் வரல... அதத்தான் டைல்ஸ் மூலைக்கு அடியில முட்டுக் குடுத்தேன்."

"எந்த டைல்ஸ்?"

"ஞாபகம் இல்ல. நேத்துப் போட்டதெல்லாம் இறுகியிருக்கும்."

டைல்ஸைத் தட்டி உட்காரவைக்கும் ரப்பர் சுத்தியல் இன்னும் அவர் கையில் இருந்தது. நான் இரும்புச் சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாசற்படியிலிருந்தே தொடங்கினேன்.