மறைத்துவிட்டுப் போடுங்கள்

"அதை மறைச்சிட்டுப் போடும்மா. அது அங்க நிக்கிற வரைக்கும் நான் பேனாவைத் திறக்க மாட்டேன்" என்றார் விசாரணைக்கு வந்திருந்த வக்கீலம்மா.

குற்றம் சாட்டப்பட்டிருந்த பேக்கிங்காரர் திரையைப் பார்த்தார். எதை மறைக்கச் சொல்கிறார் என்று புரியவில்லை. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஏதோ ஒன்று என்று மட்டும் பட்டது.

"மவுஸ் அம்புக்குறியையா மேடம்?" என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

"பின்னே? வர்றவங்க மூஞ்சி மேலெல்லாம் ஏறி உக்காருது. நான் ஆளைப் பார்க்கிறதா, அதைப் பார்க்கிறதா?"

திரையில் மருந்துக் கிடங்கின் வாசல் அசையாமல் நின்றது. சனிக்கிழமை சாயங்காலம், ஷிப்ட் முடிந்து நாற்பது பேர் வெளியேறும் நேரம். அவர்களில் யாரோ ஒருவர் குளிர் அறையைச் சாத்தாமல் போயிருந்தார். திங்கட்கிழமை காலை பார்த்தபோது, குழந்தைகளுக்குப் போட வேண்டிய மருந்து ஒரு பெட்டி மிச்சமில்லாமல் கெட்டுப்போயிருந்தது.

கண்ணால் கண்டவர் ஒருவர்தான். சரக்கு ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர். வெளியூர்க்காரர், கிடங்கில் ஒருத்தர் பெயரும் தெரியாது. 'யாரோ திறந்து போட்டுட்டுப் போறாரு, நமக்கென்னன்னு இருந்துட்டேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது முன் நாற்காலியில், கைகளைத் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம் என் ரூம்ல போட்டுக் காட்டினோம் மேடம்" என்றார் மேனேஜர். "பாதியில எனக்கு ஒரு போன். வீடியோவை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினதுதான் தாமதம், 'இவருதாங்க'ன்னுட்டாரு. ஒரு நொடி யோசிக்கல."

"பதினோரு வருஷமா நான் சாத்துற கதவு சார் அது" என்றார் பேக்கிங்காரர்.

"அது தெரியும்ப்பா. அன்னைக்குச் சாத்தினியா? அதைச் சொல்லு."

பேக்கிங்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

காலையில் கிளம்பும்போது மனைவி சிரித்தாள். "வீட்டு ஃபிரிட்ஜையே ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன் நீங்க. போய் நிமிர்ந்து நின்னு சொல்லுங்க." நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் பத்து நாளாக அதே கேள்வி. கதவின் பிடி கையில் குளிர்ந்தது நினைவிருந்தது. அது சனிக்கிழமையா, வெள்ளிக்கிழமையா என்பதுதான் கலைந்துபோயிருந்தது. டிரைவருக்கு அவர் மேல் என்ன பகை? முன்பின் தெரியாத ஒருவர் இத்தனை உறுதியாகச் சொன்னால், தப்பு யார் பக்கம்?

"ஒத்துக்கிட்டா மரியாதையா வீட்டுக்குப் போகலாம்" என்றார் மேனேஜர்.

"ஒத்துக்கலன்னாலும் அங்கதானே சார் அனுப்பப் போறீங்க."

வக்கீலம்மா மேசையைத் தட்டினார். "முதல்ல இதைப் போடுங்க."

"மூணு நொடி மவுஸைத் தொடாம இருந்தா அதுவாவே மறைஞ்சிடும் மேடம்" என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மறைந்தது. மேனேஜர் காலை ஆட்டினார், மேசை ஆடியது, அம்பு மறுபடி வந்து நின்றது.

"சார், காலு."

"நான் எங்கம்மா ஆட்டினேன்?"

அவள் மவுஸைத் தூக்கி இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். விசைப்பலகையில் ஒரு தட்டு. திரை துடைத்துவிட்டதுபோல் ஆனது.

"டிரைவர், உங்க ஆளு வந்ததும் சொல்லுங்க. அதுவரைக்கும் இங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார் வக்கீலம்மா.

ஒவ்வொருவராக வாசலைத் தாண்டினார்கள். இவ்வளவு துல்லியமாக இருக்கும் என்று பேக்கிங்காரர் நினைக்கவில்லை. மீசையின் நரைகூடத் தெரிந்தது. அந்த அம்பாவது கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்தது. இனி ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை.

பதினாறாவது ஆளாக அவரே வந்தார். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்தபடி, எந்தக் கவலையும் இல்லாமல். கதவைச் சாத்திவிட்டு வருகிறவனின் முகமா, மறந்துவிட்டு வருகிறவனின் முகமா? அவருக்கே சொல்லத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, குரல் விழக் காத்திருந்தார்.

விழவில்லை. நாற்பது பேரும் போய், வாசல் காலியானது.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றார் டிரைவர்.

போட்டார்கள். டிரைவர் முன்னால் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடியும் அந்தப் பை, அந்த முகம், அந்த நேர்ப்பார்வை. மறுபடியும் காலி வாசல். டிரைவர் திரையின் மூலைமுடுக்கெல்லாம் தேடினார்.

இரக்கப்படுகிறார் என்று நினைத்தார் பேக்கிங்காரர். நேருக்கு நேர் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போட மனசு வரவில்லை. அது இன்னும் வலித்தது. ஒரு நல்ல மனுஷனை எதற்கு இப்படிப் பாடாய்ப் படுத்த வேண்டும்?

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "மேடம், அவரை விட்டுடுங்க. நானே சொல்லிடறேன். அன்னைக்குக் கதவை நான்தான்..."

டிரைவர் அதைக் கவனிக்கவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"போன வாரம் அம்பு போட்டு ஆளைக் காட்டினீங்க, நானும் ஆமான்னேன். இன்னைக்கு யாருன்னு காட்டவே மாட்டேங்கிறீங்களே சார்?"